நான் தூங்க வைத்த கேட்கீப்பர்

1. கையெழுத்து கேட்டு வந்தவர்

சரஸ்வதி என் வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் நான் எழுதிய புத்தகம் இருந்தது. கையெழுத்து வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் பேனாவைத் திறந்துவிட்டேன். ஓய்வு பெற்ற பார்சல் கிளார்க்குக்கு அந்த ஆசைகூட இருக்கக் கூடாதா?

அவர் உட்காரவில்லை. பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"ஏனுங்க, எங்கய்யன் தூங்குனாருன்னு எழுதியிருக்கறீங்களே, நீங்க பார்த்தீங்ளா?"

நான் பேனாவை மூடினேன்.

2. வரலாற்று ஆசிரியர் உருவான கதை

முப்பத்தொரு வருஷம் பார்சல் ஆபீசில் பனியன் பேல்களை எடை போட்டவன் நான். சர்வீசில் இருந்த காலத்தில் ரயிலைத் திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷன், ரிட்டயர் ஆனதும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மைதான். பழைய டைம் டேபிள், வொர்க்கிங் ரூல்ஸ், ஸ்டேஷன் வரைபடம் என்று சேர்த்துச் சேர்த்து எங்கள் வீட்டில் பீரோவுக்குள் புடவைக்கு இடமில்லாமல் போய்விட்டது.

பிறகு எங்கள் பகுதி ரயில் பாதையின் வரலாற்றை எழுதினேன். தெரிந்த முதலாளி ஒருவர் அச்சடித்துக் கொடுத்தார். அந்த வருஷம் தீபாவளிக்குத் தன் கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸோடு ஒரு பிரதியும் கொடுத்தார். மைசூர்பாகு அன்றைக்கே தீர்ந்துவிட்டது. புத்தகம் தீர்கிற பொருள் இல்லையே, டீ டைமில் எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கம்பெனியில்தான் சரஸ்வதி வேலை பார்த்தார்.

எல்லோருக்கும் பிடித்த அத்தியாயம், பனியன் வண்டி விபத்து. பல வருஷங்களுக்கு முன் ஒரு நடுப்பகலில், காதர்பேட்டை பனியன் சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போன மாட்டுவண்டி திறந்திருந்த லெவல் கிராசிங்கைக் கடந்தபோது, கூட்ஸ் வண்டி அதன் பின்பாதியைத் தட்டிவிட்டது. மாட்டுக்கும் ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தண்டவாளம் முழுக்கப் பனியன். இன்ஜின் முகப்பில் ஒரு பனியனை மாட்டிக்கொண்டு கூட்ஸ் அடுத்த ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தது. ரயில்வே ஆபீசில் பழைய காகிதம் கழிக்கும்போது நான் அனுமதி வாங்கி நகல் எடுத்த விசாரணை ஃபைலில் இவ்வளவும் இருந்தது.

இல்லாதது ஒன்றே ஒன்று. "மதிய வெயிலில் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுக் கேட்கீப்பர் மாரப்பன் அயர்ந்து தூங்கினார்" என்று நான் எழுதியிருந்தேன். ஃபைலில் தூக்கமே கிடையாது. வாக்கியம் கொஞ்சம் சுவையாக இருக்கட்டுமே என்று நானாகப் போட்டேன்.

சரஸ்வதி போன பிறகு ஃபைலை வரி வரியாகத் தேடிப் பார்த்தேன். தூக்கம் எங்குமே இல்லை. வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அவர் கிளம்பும்போது சொன்னது இதுதான்: கம்பெனியில் எல்லோரும் தன்னைத் தூங்குமூஞ்சி கேட்டுக்காரர் மகள் என்று கேலி செய்கிறார்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், ஆனால் எண்பது வயதுக்கு மேலான அப்பா அந்தப் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

3. நாற்பத்தேழு

இங்கே பிரைவேட் நம்பர் என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். மாரப்பன் இருந்த மாதிரி கேட்டில் சிக்னலுக்கும் கேட்டுக்கும் இணைப்பு இருக்காது. போன் ஒன்றுதான். ரயில் வருமுன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்குப் போன் போடுவார். கேட்கீப்பர் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடமுள்ள ஷீட்டில் அடுத்த எண்ணைச் சொல்லி அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார். மாஸ்டர் அதைத் தன் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்ட பிறகுதான் சிக்னல் கொடுப்பார். ஷீட்டில் எண்கள் வரிசையாக இருக்காது, தாறுமாறாக இருக்கும். கேட்கீப்பர் வாயால் சொன்னால்தான் மாஸ்டருக்குத் தெரியும்.

விபத்தன்று மாஸ்டரின் ரிஜிஸ்டரில் நாற்பத்தேழு என்று எழுதியிருந்தது. மாரப்பன் கேட்டை மூடி நம்பரும் கொடுத்துவிட்டு, மாட்டுவண்டிக்காக மறுபடி திறந்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. போனே வரவில்லை என்றார் மாரப்பன். அவருடைய ஷீட் எங்கே என்றதற்குக் காணோம் என்று பதில். அத்தோடு முடிந்தது. கேட்டிலிருந்து எடுத்துத் தூரத்து செக்‌ஷனில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாகப் போட்டுவிட்டார்கள். பார்சல் ஆபீஸ்காரனான எனக்குப் பிரைவேட் நம்பர் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனாலும் கேட்டிருக்கலாம். மாரப்பன் வீடு என் வீட்டிலிருந்து டவுன் பஸ் தூரம். சென்னை வரைக்கும் போய்ப் பழைய வரைபடம் பார்த்த நான், அந்த பஸ்ஸில் மட்டும் ஏறவில்லை.

இப்போது ஏறினேன். மாரப்பன் என்னைத் திட்டவே இல்லை. காபி கொடுக்கச் சொன்னார். தன் காலத்தில் ஓடிய வண்டிகளையெல்லாம் நேரத்தோடு ஒப்பித்தார். அதில் இரண்டு என் புத்தகத்தில் தப்பு. நான் மன்னிப்புக் கேட்டதும் எழுந்து போய், பெட்டியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வந்தார்.

"நாப்பத்தேழு எங்க இருக்குதுன்னு நீங்களே தேடிப் பாருங்க."

பிரைவேட் நம்பர் ஷீட். தலையில் கேட் நம்பர், ஸ்டேஷன் முத்திரை, கொடுத்த தேதி எல்லாம் சரியாக இருந்தன. விரலை வைத்து மேலிருந்து கீழே மூன்று தடவை பார்த்தேன். அந்த ஷீட்டிலேயே நாற்பத்தேழு கிடையாது. கடைசியாக அடித்திருந்தது, விபத்தன்று காலையில் போன பாசஞ்சருக்குக் கொடுத்த எண். அவசரத்தில் மாஸ்டர் போனே போடாமல், வாய்க்கு வந்த ஒரு நம்பரை எழுதிக்கொண்டு சிக்னலைக் கொடுத்திருக்கிறார்.

இதை ஏன் விசாரணையில் காட்டவில்லை என்று கேட்டேன்.

"அந்தக் கலாட்டாவுல சட்டைப் பைல போட்டுட்டு ஊட்டுக்கு வந்துட்டனுங்க. கேட் ரூம்ல இருக்கோணும். ஊட்ல இருக்குதுன்னா அதுக்கொரு சார்ஜ் ஷீட் குடுப்பாங்கன்னு பயந்துட்டு, காணமுன்னுட்டேன்."

சின்னக் குற்றத்துக்குப் பயந்து, செய்யாத பெரிய குற்றத்தைத் தலையில் சுமந்திருக்கிறார். எங்கள் ரயில்வேக்காரர்களால் மட்டுமே முடிகிற காரியம். சார்ஜ் ஷீட் பயத்தில் நானும் என் சர்வீசில் இதுபோல் செய்திருக்கிறேன், அதை இங்கே எழுதப் போவதில்லை.

மாஸ்டர் பெயரைப் போட்டு எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன் என்றேன் வேகமாக. அவர் கையமர்த்தினார்.

"அவரு போய்ச் சேர்ந்துட்டாருங்க. புள்ளைக இதே ஊர்ல இருக்குது. பேர் வேண்டாம். நான் தூங்கலீன்னு மட்டும் எழுதுங்க, போதும்."

4. பத்து நிமிஷம்

முதலாளியிடம் போய், பிரதிகளைத் திரும்ப வாங்க வேண்டும், ஆட்கள் முன்னால் ஒரு திருத்தம் படிக்க வேண்டும் என்றேன். ஆட்களுக்குப் பிடித்ததே அந்தக் கதைதானுங்களே என்று சங்கடப்பட்டார். விஷயத்தைச் சொன்னதும் மாறிவிட்டார். ஆனால் ஷிப்மென்ட் நெருக்கடி, டீ டைமில் பத்து நிமிஷம்தான் தர முடியும் என்றார்.

செக்கிங் டேபிள்களுக்கு நடுவே நின்று படித்தேன். மாரப்பனை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தூங்கினார் என்பது நான் கற்பனையாக எழுதியது, அன்றைக்கு அவருக்குப் போனே வரவில்லை, அதற்கு ஆதாரம் இந்த ஷீட் என்று படித்து, அதை உயர்த்திக் காட்டினேன். வரலாறு எழுத வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காகிதத்தில் இல்லாததை எழுதாதீர்கள், காகிதத்தில் இருப்பதையும் சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்காமல் எழுதாதீர்கள்.

முடித்ததும் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி சும்மா இருக்காமல் கேட்டாள்: "ஏன் தாத்தா, அப்போ நீங்க டூட்டியில தூங்கினதே இல்லியா?"

சரஸ்வதி அவளை முறைத்தார். மாரப்பன் நிதானமாக யோசித்தார்.

"தூங்கியிருக்கறேன் கண்ணு, நெறைய நாள். அன்னிக்குத் தூங்கல."

செக்கிங் செக்‌ஷனே சிரித்தது. சரஸ்வதியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் மெதுவாகக் குனிந்து, இதையும் இரண்டாம் பதிப்பில் போடலாமா என்று கேட்டேன்.

"போடுங்க," என்றார். "அது நெசந்தானுங்களே."