கோயிலுக்குப் போன லைசென்ஸ்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயிலில், லேசர் பிரிண்டர் ஒன்றுக்கு ஆரத்தி எடுக்கப் பார்த்தார்கள்.

கல்யாணப் பெண் ஒருத்தி குறுக்கே நின்று தடுத்துவிட்டாள். இல்லையென்றால் அந்த பிரிண்டர் இந்நேரம் சாமி சொத்து.

சிரிக்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

என் நண்பர் முனியாண்டி பிரிக்பீல்ட்ஸில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணக் கார்டு, காதுகுத்துக் கார்டு, கருமாதிக் கார்டு... இந்த வட்டாரத்தில் நல்லது கெட்டது எது நடந்தாலும் அவருக்குத்தான் முதலில் தெரியும். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கோர்ப்பது அவருடைய ஒரே மகள் கலைச்செல்வி. முனியாண்டிக்கு கம்ப்யூட்டரில் தெரிந்தது சுவிட்ச் இருக்கும் இடம் மட்டும்தான்.

கலைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு ஸ்ரீ கெம்பாங்கான். ஊருக்கெல்லாம் கார்டு அடித்தவர் சொந்த மகள் கார்டை சும்மா அடிப்பாரா? அதற்காகவே புதுசாக ஒரு 486 கம்ப்யூட்டர் வாங்கினார். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கத்தான் சக்கரம் இல்லை.

சரி, பழைய 386 என்ன ஆவது?

நம்மவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. சுற்றாத காற்றாடி, முள் நகராத கடிகாரம், கால் ஆடும் நாற்காலி... வீட்டுக்கு உதவாதது எல்லாம் கோயிலுக்குப் போய்விடும். கூடவே 'உபயம்' என்று நம் பெயரும் போகும். முனியாண்டியும் 386-ஐ வயர், கீபோர்டு சகிதம் கோயிலுக்குக் கொடுத்தார். மாலை போட்டார்கள். படம் எடுத்தார்கள். மானிட்டர் நெற்றியில் 'உபயம்: முனியாண்டி குடும்பத்தினர்' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை கலை புது மெஷினில் தமிழ் சாஃப்ட்வேரை ஏற்றினாள். திரையில் ஒரே ஒரு வரி ஆங்கிலத்தில் வந்தது. சாவியைக் காணவில்லை, டீலரைத் தொடர்பு கொள்ளவும்.

"என்ன சாவி?" என்றார் முனியாண்டி. "கடைச் சாவி இங்கதானே இருக்கு?"

விஷயம் இதுதான். இந்த சாஃப்ட்வேர் விற்கிறவர்கள் நம்மை முழுசாக நம்புவதில்லை. பிரிண்டர் வயர் செருகும் இடத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டையைச் செருகக் கொடுப்பார்கள். பெயர் டோங்கிள். அது இருந்தால்தான் தமிழ் வரும். அதுதான் பூட்டு, அதுதான் சாவி, அதுதான் லைசென்ஸ்.

அது எங்கே? 386-இன் முதுகில். 386 எங்கே? கோயிலில், மஞ்சள் துணி போர்த்திக்கொண்டு இருக்கிறது.

இரண்டு பேரும் கோயிலுக்கு ஓடினார்கள். கமிட்டி செயலாளர் கனகசபை ஐயா யாழ்ப்பாணத்து ஆள். முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், ஃபைல் பெறவில்லை.

"தம்பி, சாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமோ?" என்றார்.

"முழுசா வேணாங்கய்யா. பின்னால இருக்கிற சின்ன கட்டை மட்டும் போதும்."

"அதெப்பிடி? 'கம்ப்யூட்டர் ஒண்டு, உதிரிப் பாகங்களோட' எண்டு எழுதியாச்சு. கமிட்டி கூடித்தான் முடிவெடுக்க வேணும்."

"கமிட்டி எப்பங்க கூடும்?"

"திருவிழா முடியட்டும்."

திருவிழா முடிவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். முனியாண்டி நேராக என் வீட்டுக்கு வந்தார். "நீங்க பேப்பர்ல எழுதுறவரு, கம்பெனிக்காரங்கள நல்லா நாலு கேள்வி கேளுங்க சார்" என்றார். கேட்டேன். போனை எடுத்தது சப்போர்ட் பிரிவுப் பெண். குரலில் அவ்வளவு மரியாதை.

"கீ இப்ப எங்க இருக்கு, அங்கிள்?"

"கோயில்ல."

"அப்போ லைசென்ஸும் அங்கதான் இருக்கு லா. கீ யாருகிட்டயோ அவங்கதான் யூசர்."

"காசு கொடுத்து வாங்கியது நாங்கள்."

"நீங்க வாங்கினது சாஃப்ட்வேர் இல்ல, அங்கிள். யூஸ் பண்ண பர்மிஷன். இன்னொண்ணு... கீ கிடைச்சாலும் வேலைக்கு ஆகாது. அந்த வெர்ஷன் 486-ல சப்போர்ட் இல்ல. மெஷின் ரொம்ப ஸ்பீடு."

புரிகிறதா? கம்ப்யூட்டர் வேகமாக ஓடுவது வாங்கினவன் செய்த குற்றம். மாட்டு வண்டி விற்றவன், ரோட்டில் தார் போட்டதற்கு நம்மிடம் கோபித்துக்கொள்கிறான்.

"அப்போ என்னதான் செய்யலாம்?"

"புது வெர்ஷன் வாங்கலாம், அங்கிள். புது லைசென்ஸ், புது கீ."

சொன்னதும் முனியாண்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு தடவை வாங்கினத மறுபடியும் வாங்கணுமா? செத்தாலும் வாங்க மாட்டேன்" என்றார். கிள்ளானில் தெரிந்த ஓர் அச்சகத்தில் கொடுக்கலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மகள் கார்டின் அடியில் 'அச்சு' என்று வேறொருவன் பெயரா? அதற்குக் கல்யாணத்தையே தள்ளிப் போடுவார் போலிருந்தது.

நாட்கள் ஓடின. மாப்பிள்ளை வீட்டிலிருந்து, கார்டு எப்போது வரும் என்று இரண்டு தடவை போன். சனிக்கிழமை காலை கலைதான் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"அப்பா, லைசென்ஸ் கோயில்ல இருந்தா இருக்கட்டும். நான் போய் அங்கயே டைப் பண்றேன். நம்ம பிரிண்டர மட்டும் வேன்ல ஏத்துங்க."

அப்படித்தான் லேசர் பிரிண்டர் கோயில் வாசலில் இறங்கியது. கனகசபை ஐயா பார்த்தார், முகமெல்லாம் பல். உள்ளே திரும்பி, "ஐயரே, தட்டைக் கொண்டு வாரும்" என்றார். மாலை வந்தது. யாரோ ஸ்டிக்கர்கூட எடுத்துவிட்டார்கள்.

கலை பிரிண்டருக்கு முன்னால் போய் நின்றாள். "ஐயா, இது உபயம் இல்ல. மத்தியானம் திரும்பப் போயிடும். எங்க கல்யாணக் கார்டு அடிக்கணும்."

"கோயில் கம்ப்யூட்டரிலயோ?"

"ஆமாங்கய்யா. நீங்களும் அத ஒரு நாளும் தொறக்கலையே."

ஐயா உள்ளே எட்டிப் பார்த்தார். உண்மைதான். கொடுத்த நாளிலிருந்து அந்த மஞ்சள் துணியை யாரும் எடுக்கவில்லை, எடுக்கத் தெரிந்தவரும் இல்லை. "சரி பிள்ளை, போகேக்க கோயில் நோட்டீசையும் ஒருக்கா அடிச்சுக் குடு" என்று வழிவிட்டார்.

கலை உட்கார்ந்து தட்டினாள். தன் பெயரைத் தானே கோர்த்தாள். ஆயிரக்கணக்கான கார்டுகளில் எழுத்துப் பிழை பார்த்த முனியாண்டி, வெளியே வந்த முதல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காமலே நின்றார். கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி துடைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கனகசபை ஐயா கேட்டார். "பிள்ளை கலியாணம் முடிச்சுப் போனா, இதை ஆர் தம்பி இயக்கிறது?"

கோயில் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் கேட்டார். முனியாண்டி காதில் அது கடைக் கம்ப்யூட்டராக விழுந்தது. இத்தனை நாளாகக் கட்டை, கமிட்டி, கம்பெனி என்று கத்திக்கொண்டிருந்த மனிதர், வேனில் கார்டுகளை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். கடை வாசலில் இறங்கும்போதுதான், "வாரத்துல ரெண்டு நாளாச்சும் வர முடியுமாம்மா?" என்று கேட்டார். கலை, "அவங்க வீட்டுல கேட்டுப் பாக்குறேன்ப்பா" என்றாள். அதைச் சொல்லும்போது அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை முனியாண்டி தானே கம்பெனிக்குப் போன் செய்தார். செத்தாலும் வாங்க மாட்டேன் என்ற அதே முனியாண்டிதான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"புது லைசென்ஸ் வாங்கினா, இங்கயும் ஸ்ரீ கெம்பாங்கான்லயும் போட்டுக்கலாமாம்மா?"

"முடியாது, அங்கிள். ஒரு மெஷினுக்கு ஒரு லைசென்ஸ்தான்."

இரண்டு வாங்கினார். ஒன்று கடைக்கு. இன்னொன்று ஒரு புது கம்ப்யூட்டரோடு மகளுக்குச் சீராகப் போகிறது. ஒரே ஒரு லைசென்ஸ் விற்கப் பார்த்த கம்பெனிக்கு அடித்தது யோகம்.

நேற்று அவர் கடையில் இரண்டு லைசென்ஸுக்குமான விண்ணப்பப் பாரங்களை நிரப்பிக் கொடுத்தது நான்தான். மகளுக்கான பாரத்தில் யூசர் பெயர்: கலைச்செல்வி. கடைக்கான பாரத்தை நீட்டி, "இதுல உங்க பேர்தானே?" என்று கேட்டேன்.

"அதுலயும் அவ பேரையே போடுங்க சார்" என்றார்.