புதுசாக்கிய நுணுக்குக்காட்டி

சண்டை முடிந்து நாங்கள் முரசுமோட்டைக்குத் திரும்பி வந்த வருடம், சித்தி தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு நுணுக்குக்காட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். இடிந்த ஆய்வுகூடத்தின் ஓட்டுக் குவியலுக்குள் கிடந்ததாம். துருவேறி, சேறு காய்ந்து, உழவு இயந்திரத்தில் கழன்று விழுந்த துண்டு மாதிரி இருந்தது. பள்ளிக்கூட அதிபர் எறியச் சொன்னதைச் சித்திதான் புதுசாக்கித் தருவதாகச் சொல்லி வாங்கி வந்திருந்தார்.

பின்னேரங்களில் தகரக் கொட்டில் வாசலில் பாயை விரித்து அதைக் கழற்றுவார். இறுகிப்போன திருகுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். ஈர்க்கு நுனியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட் தொட்டு, வில்லைகளில் படர்ந்திருந்த பூஞ்சணத்தைத் துடைத்தார். உடைந்துபோன கண்ணாடிக்குப் பதிலாக அம்மாவின் பவுடர்ப் பெட்டிக் கண்ணாடியைக் கழற்றிப் பொருத்தினார். அதற்காக அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஒன்பது வயதுக்காரியான எனக்கு, அரத்தாளால் துருவை உரஞ்சும் வேலை.

கடைசியில் கறுப்புப் பெயின்ற் அடித்தார். அடிப்பக்கத்தை மட்டும் ஏனோ விட்டுவிட்டார். அது காய்ந்த பிறகு, அவர் இல்லாத நேரம் பார்த்துக் கவிழ்த்தேன். யாரோ ஆணியால் கோணல்மாணலாய் இரண்டு எழுத்துக் கீறியிருந்தார்கள். புதுச் சாமானில் கிறுக்கல் இருக்கலாமா? வியர்க்க வியர்க்க உரஞ்சி, மிச்சப் பெயின்றில் கொஞ்சம் பூசி, சித்தி வந்ததும் பெருமையோடு காட்டினேன்.

சித்தி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். விரலில் கறுப்பு ஒட்டியது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

குசினியில் சமையலை விட்டு வந்த அம்மா கையை ஓங்கினார். "ஏனடி அழிச்சனி? உன்ர மாமா அந்தப் பள்ளிக்கூடத்தில படிக்கேக்க கீறி, வாத்தியாரிட்ட அடி வாங்கின எழுத்தடி அது!"

"விடுங்கோ அக்கா," என்றார் சித்தி. "பிள்ளை புதுசாக்கத்தானே பாத்தவள்."

மாமா அவர்கள் இருவருக்கும் ஒரே தம்பி. கடைசிச் சண்டையில் காணாமற்போனவர். எனக்கு அவர் முகம் நினைவில்லை.

"மாமா வந்தா திரும்ப எழுதுவார்தானே?" என்று கேட்டேன்.

ஓடி ஓடி வந்த வழியில் அவருடைய படங்கள், கொப்பிகள் எல்லாம் போய்விட்டன என்பதும், அவர் கையால் எழுதியதென்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த இரண்டு எழுத்துத்தான் என்பதும், சித்தி அந்த ஓட்டுக் குவியலை ஏன் கிளறினார் என்பதும் எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது.

அன்றைக்கு விளங்கவில்லை. மாமா வந்து எழுத வசதியாய் இருக்கட்டும் என்று, அடுத்த நாள் அந்த இடத்தில் இன்னொரு பூச்சுப் பூசிவிட்டேன்.