துணைக்கு அனுப்பிய கோழி

என் அக்கா இறந்தது ஐப்பசி மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலையில். நாளையும் கிழமையையும் குறித்து வைப்பது எனக்கு வெகுகாலப் பழக்கம். ஆற்றில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்த நாள், தெருவுக்குக் குழாய் வந்த நாள், எந்த வீட்டில் யார் என்றைக்குப் போனார்கள் என்பது, எல்லாம் நாட்காட்டித் தாள்களில் எழுதியிருக்கும். அப்பனுடைய திதி மறந்துபோன பிள்ளைகள் அல்லிநகரத்தில் என் வீட்டைத் தேடி வந்து கேட்டுப்போவதும் உண்டு. அன்றைக்கு மட்டும் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. துக்க வீட்டில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் முதலில் நினைவுக்கு வந்ததே கிழமைதான்.

சனிப்பிணம் தனிப்போகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சனிக்கிழமை போகிறவர் துணைக்கு இன்னோர் ஆளைக் கூப்பிட்டுக்கொள்வாராம். அதனால் பாடையில் ஓர் உயிருள்ள கோழியைக் கட்டி, அதையே துணையாக அனுப்பிவிடுவார்கள். கவிச்சி தொடாத வீடுகளில் தேங்காய். அக்கா வீடு குச்சனூருக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் ஓரத்து ஊரில். கோழி கட்டுகிற வீடு. அன்று மழை ஊற்றியதால் சின்னமனூருக்குப் போய்க் கோழி வாங்கிவர ஆளில்லை. பங்காளி ஒருவர் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த அக்காவின் சாம்பல் நிறக் கோழியையே பிடித்து, கால்களைத் துணிக்கிழிசலால் கட்டி, பாடை மூங்கிலில் தொங்கவிட்டார். வழியெல்லாம் அது கத்திக்கொண்டே வந்தது.

சுடுகாட்டில் கோழியை அவிழ்த்து, அங்கே வேலை பார்ப்பவரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். அவர் அதை ஒரு செடியின் அடியில் கட்டிப்போட்டுவிட்டு, நனைந்த விறகோடு போராடப் போய்விட்டார். அக்காவின் புருஷன், என் மச்சான், கொள்ளி வைத்தார். கொள்ளி வைத்தவரும் உடன் போனவர்களும் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாய்க்காலில் இறங்கிக் குளித்தோம். ஈரத்துணியோடு வீட்டுக்கு வந்தபோது வாசலில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

முதலில் வாய் திறந்தது எதிர்வீட்டுச் சின்னம்மா. "ஏத்தா, துணைக்கு அனுப்புன கோழி வந்துருச்சு."

கோழி முற்றத்தில் நின்று இறக்கையை உதறியது. ஒரு காலில் கிழிசல் இன்னும் தொங்கியது. நிதானமாக நடந்து, தினமும் அடைகிற பஞ்சாரத்தின் அருகே போய், யாராவது கூடையைத் தூக்கிவிடுவார்களா என்று காத்து நின்றது. அதற்கென்ன தெரியும்? சுடுகாடு வாய்க்கால் கரையில்தான் இருக்கிறது. அது தினமும் மேய்ந்து திரும்புகிற கரை. சந்தையில் வாங்கிய கோழியாக இருந்தால் வழி தெரியாமல் அங்கேயே நின்றிருக்கும்.

மச்சான் அதைப் பார்த்தார். அவரே போய்ப் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் ஊர் திரும்பிய பிறகு, என் மருமகளான அக்கா மகள் போனில் அழைத்தாள். அவள் கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவோடு கொஞ்சநாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று தங்கியிருந்தாள்.

"மாமா, அப்பா கவாத்து வெட்ட மாட்டேங்கிறாக. சோறு வச்சா தொட்டுட்டு எந்திரிச்சுர்றாக. இப்பிடி விட்டுட்டு நான் எப்பிடி ஊருக்குப் போறது?"

திராட்சைப் பந்தலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். பழம் பறித்து முடித்த கொடியைச் சிலகாலம் ஓய்வாக விட்டு, பிறகு கத்திரியால் வெட்டி மொட்டையாக்குவோம். அதுதான் கவாத்து. வெட்டினால்தான் புதுத் துளிர் வரும்; துளிரில்தான் பூ. அன்றிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். வெட்டாமல் விட்டால் பந்தல் முழுக்க இலைதான். நான் போய்ப் பார்த்தபோது சுற்றிலும் எல்லோருடைய பந்தலும் மொட்டையாகி, தரையில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. மச்சான் பந்தலுக்கு அடியில் மட்டும் இருட்டு.

அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். கோழி பக்கத்தில் கிளறிக்கொண்டிருந்தது.

"வாங்க மாப்ள. உங்க மருமக தந்தி அடிச்சுட்டாளா?"

"கவாத்து வெட்டலையாமே?"

"நாலு மாசங் கழிச்சுப் பழுக்குறதுக்கு இப்ப எதுக்கு மாப்ள கத்திரியத் தூக்கணும்? யாரு இருந்து பறிக்கிறது?"

கோழி திரும்பிவிட்டது, அடுத்த ஆள் தான்தான் என்று அவர் பயப்படுவதாக எனக்குப் பட்டது. அந்த இடத்தில்தான் நான் முடிவெடுத்தேன். அக்காவைக் காப்பாற்ற என்னால் ஆகவில்லை. இவரை ஒரு கோழிக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவது என்று வைத்துக்கொண்டேன். வேண்டுமென்றே அந்தக் கிழமை. வீரபாண்டி வழியாகச் சின்னமனூர் வந்து, இன்னொரு பஸ் ஏறி, மச்சானுக்குப் பிடித்த சேவு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போவேன். எனக்குத் தெரிந்த ஆயுதம் தேதிகள்தான். அவற்றை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் தெருவில் சனிக்கிழமை போனவர்கள் யார் யார், அவர்கள் பின்னால் எத்தனை காலம் யாருமே போகவில்லை என்று வரிசையாகச் சொன்னேன். வாரத்துக்கு ஏழு நாள், சாவு அதில் ஒன்றில் விழுந்துதானே ஆக வேண்டும் என்றேன்.

மச்சான் சேவு மென்றபடி கேட்டார். "உங்க ஆத்தா போனது என்ன கிழமை?"

"சனி."

"அடுத்து உங்க சின்னையா போனாரே?"

"அது அடுத்த வருசம் மச்சான்! மாரடைப்பு!"

"நடந்து போனாருன்னா கொஞ்சம் நேரமாகும்ல" என்றார். அவர் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மகள்தான் சிரித்துவிட்டு, உடனே அடக்கிக்கொண்டாள்.

கோழியின் விஷயம் வேறு தனிக்கதையாகிப்போனது. அதை அடிக்க யாருக்கும் துணிவில்லை. விற்கவும் முடியாது, ஊரில் எவரும் வாங்க மாட்டார்கள். விரட்டினால் திரும்பி வரும் என்பதை அது ஏற்கெனவே காட்டிவிட்டது. முட்டையிட்டது; அந்த முட்டையை யாரும் தொடவில்லை. "குழம்பு வச்சுருவோம் மாமா, நான் பாத்துக்கிறேன்" என்று மருமகள் ஒருநாள் வீரம் பேசினாள். அரிவாள்மணை வரை போய்விட்டு, "இன்னைக்குச் சனிக்கெழம" என்று திரும்பி வந்துவிட்டாள். எதிர்வீட்டுச் சின்னம்மா புதுக்கோழி ஒன்றை வாங்கிச் சுடுகாட்டில் விட்டுவரலாம் என்றார். "பஸ் போனப்புறம் டிக்கெட் வாங்குறியா ஆத்தா?" என்று மச்சான் கேட்டதும் அவரும் அடங்கிப்போனார்.

கடைசியில் நான் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போனேன். மச்சான் போக முடியாது. மனைவி இறந்த ஆண்டில் அவர் கோயில் படி ஏறுவதில்லை என்று அந்த வீட்டு வழக்கம். எனக்குத் தீட்டு சில நாளிலேயே கழிந்துவிட்டது. இதில் ஒரு விசித்திரம் இருப்பதை அன்றுதான் யோசித்தேன். சாவு பயம் உச்சத்தில் இருக்கும் வீட்டுக்குத்தான் கோயில் கதவு மூடியிருக்கிறது. சனியைக் காட்டிப் பயமுறுத்தியதும் சமயம். பயந்தவன் போக வேண்டிய சனீஸ்வரன் சன்னிதியை வேலி போட்டு அடைத்ததும் சமயம்.

எள் விளக்கு வாசனையில், வரிசையில், நிறைய நேரம் நின்றேன். முன்னால் நின்றவர்களைப் பார்த்தேன். பைபாஸ் செய்துகொள்ளப் போகிற ஒருவர், மகனுக்கு ஜாதகத்தில் கண்டம் என்று கேள்விப்பட்ட ஒரு தாய், சும்மா வழக்கத்துக்கு வந்தவர்கள். யாருடைய முகத்திலும் சாவை வென்றுவிடலாம் என்ற எண்ணம் தெரியவில்லை. இப்போது வேண்டாம், கொஞ்சம் பொறுத்து வா என்று கேட்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது. கல்லாக இருந்தாலும் அது ஒரு முகம். நான் கேலி செய்யும் மனநிலையில் போயிருந்தேன், கேலி வரவில்லை.

திருநீற்றுப் பிரசாதத்தைக் கொண்டுபோய் மச்சானிடம் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெற்றியில் பூசிக்கொண்டார்.

"சரி, பயம் போச்சா? நாளைக்குக் கத்திரிய எடுப்போமா?"

"எனக்கு எங்கன பயம் மாப்ள?" என்றார் ஆச்சரியமாக. "நீங்க இத்தன வாரமும் என்னயப் பயந்தாங்கொள்ளின்னா நெனச்சுட்டு இருந்தீக?"

"பெறகு?"

அவர் கோழியைக் காட்டினார். "இது வந்துருச்சு. அப்ப அங்கன அவகூட யாரு இருக்கா? ஒத்தையில நிக்கிறா. கல்யாணமாகி வந்ததுலருந்து என்னைய விட்டுட்டு சின்னமனூர் சந்தைக்குக்கூடப் போனதில்ல உங்க அக்கா. ரோடு தாண்டணும்னா என் சட்டையப் புடிப்பா. அவளா போயி, எந்த வழின்னு யாருகிட்ட கேப்பா? கூப்பிட்டா போறதுக்கு நான் தயாரா இருக்க வேணாமா? பந்தல்ல வேலைய இழுத்துப் போட்டுக்கிட்டா எப்பிடிப் போறது?"

நான் கொண்டுவந்த தேதிகள் அத்தனையும் அந்த இடத்தில் உதிர்ந்தன. இத்தனை வாரமும் அவரிடம் இல்லாத பயத்துக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனையோ தேசத்துப் பழைய புதைகுழிகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். செத்தவனோடு குதிரையைப் புதைத்தார்கள். நாயை, படகை, விளக்கை, ரொட்டியை வைத்தார்கள். மூடத்தனம் என்று ஓரத்தில் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவன் நான். எங்கள் ஊர்க் கோழியும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. இல்லாமல் போவதைவிடத் தனியாகப் போவதுதான் மனிதனை அதிகம் உலுக்குகிறது போலும். எல்லாச் சமயங்களும் முதலில் ஏற்றுக்கொண்ட வேலை, வழித்துணைக்கு ஆள் போடுவது.

ஆனால் மச்சானுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

"மச்சான், அக்கா தனியாப் போயிருக்கு" என்றேன்.

"எங்க?"

"மதுரைக்கு."

எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்து மதுரையில் படுத்துக்கிடந்த காலம் அது. மச்சான் அப்போது குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கியிருந்தார். அக்கா வாரம் தவறாமல் மதுரைக்கு பஸ் ஏறி வந்தாள். முதல் தடவை மழையில் நனைந்து, ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகக் கேட்டு, தூக்குவாளியோடு என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மச்சானுக்குச் சொல்லாதே என்று அவள்தான் என்னிடம் சொல்லிவைத்தாள். அவள் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"'தெரிஞ்சா வேலையப் போட்டுட்டு அவுகளும் கூட வந்து நிப்பாக'ன்னுச்சு. அதுக்கப்புறம் இன்னொண்ணும் சொல்லுச்சு. 'எனக்கு இது நல்லா இருக்குடா. சன்னல் ஓரமா உக்காந்துக்கிட்டு, யாருகிட்டயும் பேசாம, ஆண்டிபட்டிக் கணவாயப் பாத்துக்கிட்டே வர்றது.'"

கோழி மச்சானின் கால் விரலைக் கொத்திப் பார்த்தது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"சன்னல் ஓரமா?"

"ஆமா."

"என்கூட வர்றப்ப, காத்து ஒத்துக்காது, ஓரம் வேணாம்னு எனக்குல்ல விட்டுக் குடுத்தா!"

"ஒங்களுக்குப் பிடிக்கும்னு குடுத்துருக்கும்."

"களவாணிக் கழுத" என்றார். குரல் உயர்ந்தது. "ரோடு தாண்ட என் சட்டையப் புடிச்சவ, மதுரையில ரோடு தாண்டியிருக்கா! நான் இங்கன அவளுக்குத் துணையில்லயேன்னு சோறு எறங்காமக் கெடக்கேன். அவ அங்கன சன்னல் சீட்டுப் புடிச்சு உக்காந்துருப்பா!" உள்ளே திரும்பிக் கத்தினார். "ஏத்தா, கேட்டியா உங்க ஆத்தா செஞ்ச வேலைய?"

மருமகள் வாசலுக்கு வந்தாள். "எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். "ஒரு தடவ என்னையும் கூட்டிட்டுப் போச்சு."

"அடிப்பாவிகளா!" என்றார் மச்சான். அழுதார், திட்டினார், நடுவில் சிரிப்பும் வந்தது. அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.

மறுநாள் கவாத்து தொடங்கியது. ஆட்களை வரச் சொல்லிவிட்டு, முதல் கொடியை அவரே வெட்டினார். வெட்டிய நுனியில் நீர் சொட்டியது. பந்தல் திறக்கத் திறக்க வெயில் உள்ளே இறங்கியது. கிளறிவிட்ட மண்ணில் கோழி புழு தேடியது. இனி அது மேய்கிற வரை மேயட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். முட்டையை மட்டும் அன்று சாயங்காலம் மருமகள் எடுத்து ஆம்லெட் போட்டாள். முதல் வாய் சாப்பிட்டது நான்தான். கொஞ்சம் தயங்கினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அறுபதைத் தாண்டிய இந்த வயதில் சாவைப் பற்றி எனக்கும் பயம் உண்டு. மச்சானிடம் நான் கண்டது பயத்தைவிடப் பெரியது. அதற்கு நேராக வாதத்தைக் கொண்டுபோய் நிறுத்திப் பயனில்லை. இனி யாராவது சனிக்கிழமை என்று என்னிடம் வந்து நடுங்கினால், கிழமைக் கணக்கை எடுக்க மாட்டேன். போனவர் உயிரோடு எப்படி நடந்தார், எங்கே தைரியமாக இருந்தார் என்று முதலில் கேட்பேன். என் நாட்காட்டித் தாள்களுக்கும் இனி அந்த வேலைதான்.

மருமகள் அந்த வாரமே கம்பத்துக்குப் புறப்பட்டாள். அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மச்சான் சொன்னார்: "மாப்ள, ஒண்ணு ஞாபகத்துல வச்சுக்கங்க. நான் சனிக்கெழம போனா, கோழியச் சந்தையில வாங்குங்க. வீட்டுக் கோழிய நம்பாதீக."

"எழுதி வச்சுக்கிறேன்" என்றேன்.

"அதுக்கு முன்னாடி பங்குனியில பழம் வெட்டணும். அத எழுதுங்க மொதல்ல."

எழுதினேன்.