வாசித்துக் காட்டினேன் என்று சொன்னது

கடலாடிப் பக்கம், சிக்கல் ஊருக்குத் தெற்கே, கடலோரத்து உப்பளம் ஒன்றில் கணக்கு எழுதச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. இரண்டாம் வருஷம் முதலாளி பாதி அளத்தை மூடினார். பதினான்கு பேருக்கு வேலை போனது. ஆள்குறைப்பு செய்தால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அது மேனேஜருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான், “என் சொந்த விருப்பத்தின்பேரில் விலகிக்கொள்கிறேன்” என்று பதினான்கு தாள்களில் என்னை எழுதவைத்தார்.

கைநாட்டு வைக்க மடைக்காரர் வந்தார். கடல்நீரை அளத்துக்குள் திறந்துவிடுவதும் அடைப்பதும் பதினோரு வருஷமாக அவர் வேலை.

“தம்பி, இதுல என்ன போட்டிருக்கு?”

“இந்த மாசச் சம்பளத்துக்கு ரசீதுண்ணே.”

உப்பு அரித்த விரலில் ரேகை சரியாக விழவில்லை. நான்தான் அந்த விரலைப் பிடித்து இரண்டாம் தடவை அழுத்தினேன்.

விஷயம் தெரிந்ததும் எல்லோரும் சேர்ந்து மதுரையில் லேபர் ஆபீசரிடம் மனு கொடுத்தார்கள். கம்பெனிக்குச் சாட்சி நான்.

“கைநாட்டு வாங்குறதுக்கு முன்னாடி வாசிச்சுக் காட்டினீரா?” என்று அதிகாரி கேட்டார்.

“காட்டினேன், சார்.”

தொழிலாளிகள் கூச்சல் போட்டார்கள். மடைக்காரர் மட்டும் எதையோ ஞாபகத்துக்குக் கொண்டுவர முயல்கிறவர்போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மனு தள்ளுபடியானது.

திரும்பும் பஸ்ஸில் அவர் பக்கத்தில்தான் இடம் இருந்தது. பரமக்குடி தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

“நெசமாவே வாசிச்சுக் காட்டுனீகளா தம்பி? எனக்குத்தான் மறந்துபோச்சா?”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நான் பொய் சொல்லியிருப்பேன் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து, தாங்க முடியாமல் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே சொன்னார்: “எந்நேரம் தண்ணி ஏறும், எந்நேரம் வத்தும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்ற மனுசன். இப்ப சாப்பிட்டனா, கதவச் சாத்துனனான்னு எல்லாத்தையும் என்கிட்டயே கேக்காரு.”

உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். வாசித்துக் காட்டவே இல்லை, ரசீது என்றது பொய், மதுரையில் சொன்னதும் பொய். அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

“என் மனசு நோகக் கூடாதுன்னுதான இம்புட்டுத் தூரம் வந்து இப்பிடிச் சொல்றீக.”

“சத்தியமாண்ணே.”

“சத்தியமெல்லாம் பண்ணாதீக.” மனைவியின் பக்கம் திரும்பினார். “தம்பிக்கு டீத்தண்ணி குடுத்தமா?”

பாதி குடித்த டம்ளர் என் கையில் இருந்தது.

அன்றே லேபர் ஆபீசருக்கு உண்மையை எழுதிப் போட்டேன். எனக்கு வேலை போனது. மறுவிசாரணை நடந்து, ஒன்றரை வருஷம் கழித்துப் பதினான்கு பேருக்கும் நஷ்டஈடு கிடைத்தது. மடைக்காரர் கடலாடி சந்தையில் ஒரு ஜோடி ஆடு வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். பொழுது சாய்ந்ததும் அவற்றைக் கட்டிப்போடுவாராம். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், கட்டினோமா என்று கயிற்றைத் தடவிப் பார்ப்பாராம். திரும்பி வந்து படுத்தபின் மறுபடியும் போவாராம்.