வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த அமெரிக்கக் கார்கள்

ஷோகேஸில் வைக்க ஏதாவது அனுப்புங்கள் என்றுதான் கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. வீட்டு வேலை முடிந்து, ஓடாவி மரம் இழைத்து அடித்த கண்ணாடி ஷோகேஸ் ஹோலில் வெறுமையாக நின்றது. எங்கட சாய்ந்தமருதில் ஒரு ஷோகேஸ் வெறுமையாக நின்றால் வந்துபோகிற சனம் சும்மா போகாது. என் கணவர் கட்டாரில் ஓர் அரபி வீட்டில் டிரைவர். அங்கே கிடைக்காத சாமானா? கண்ணாடிக் கோப்பை செட் ஒன்று வரும் என்று மேல் தட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

லீவில் வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். பிரித்தால் மட்டைப் பெட்டி. மேலே சிவப்புக் கார் ஒன்றின் படம், அமெரிக்காவில் அந்தக் காலத்தில் ஓடிய இம்பாலா. பின்பக்கம் செட்டை விரித்த மாதிரி அகலமான வால். சரி, கார் என்றாலும் பரவாயில்லை, அழகாகத்தானே இருக்கிறது என்று மூடியைத் திறந்தேன். உள்ளே கார் இல்லை. சீப்புப் போன்ற சட்டங்களில் தொங்கிக்கொண்டு ஒரு குவியல் பிளாஸ்டிக் துண்டுகள்.

பக்கத்தில் மதினி இருந்தா, அவரின் ராத்தா. வாய் அவவுக்கு எப்போதும் முன்னுக்குத்தான் வரும்.

“என்னகா இது? என்ட தம்பி உடைஞ்ச காரையா வாங்கி அனுப்பியிருக்கான்?”

சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும். அன்று பின்னேரம் ஃபோனில் அவருக்கு நல்ல பேச்சு விழுந்தது. அவரும் பாவம், முழுக் கார் என்று நம்பித்தான் வாங்கியிருக்கிறார்.

“படத்தில முழுசாத்தானே இருந்திச்சு புள்ள. நான் என்ன பெட்டியைத் திறந்தா பாத்தன்? தூக்கி எறிஞ்சிடு. வேற அனுப்புறன்.”

எறி என்றால் எறிகிற ஆளா நான்? மதினியின் சிரிப்பு காதுக்குள்ளேயே நின்றது. இதை ஒட்டி நிமிர்த்தி ஷோகேஸில் வைத்து, அவவைக் கூப்பிட்டுக் காட்டாவிட்டால் நான் நானில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் தொழில் அபாயா தைப்பது. தையலைவிடக் கல் ஒட்டுகிற வேலைக்குத்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். கடுகளவு கல்லைச் சாமணத்தால் எடுத்து, பசை வெளியே தெரியாமல் வைக்க வேண்டும். அந்தக் கைக்கு இந்தத் துண்டுகள் பெரிய காரியமில்லை. செய்முறைத் தாளில் இங்கிலிஷ் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. அதை யார் வாசிப்பது? படத்தைப் பார்த்தே செய்தேன். என்ஜினுக்கும் தனித்தனித் துண்டுகள், விசிறிக்கும் ஒன்று. சீட்டுக்கு மகளின் நகப்பூச்சு. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, டேஷ்போர்ட் வரும்வரைக்கும்.

ஸ்டியரிங் பூட்டுகிற துவாரம் இடப்பக்கம் இருந்தது.

இதென்ன கூத்து என்று தாளைப் பார்த்தேன். படத்திலும் இடப்பக்கம். நான் கண்ட வான், பஸ், லொறி, சம்மாந்துறையிலிருந்து நெல் ஏற்றி வருகிற டிப்பர், எல்லாவற்றிலும் டிரைவர் வலப்பக்கம்தான். அப்படியென்றால் பிழை தாளில். தைக்கிறவளுக்கு இந்தப் பிழை புதிதில்லை. துணியின் உள்பக்கத்தில் சட்டைக் கையை வரைந்து வெட்டினால், திருப்பிப் போடும்போது இடக்கை வலக்கையாகிவிடும். புதிதாகத் தைக்க வருகிற பிள்ளைகள் இரண்டு இடக்கையை வெட்டிக்கொண்டு வந்து முழிப்பார்கள். அமெரிக்காவிலும் பழகாத ஒருவன் உள்பக்கத்தில் வரைந்துவிட்டான் என்று நான் முடிவு கட்டினேன். வேலை போயிருக்கும் பாவம் என்று அவனுக்காக இரக்கமும் பட்டேன்.

பிறகென்ன, திருத்தினேன். பிளாஸ்டிக்கைச் சுரண்டித் தூளாக்கிப் பசையில் குழைத்து அந்தத் துவாரத்தை அடைத்தேன். ஊசியைச் சூடாக்கி வலப்பக்கம் வேறொரு துவாரம் போட்டேன். மீட்டர் வட்டத்தை பிளேட்டால் சீவி எடுத்து இந்தப் பக்கம் ஒட்டினேன். காலால் மிதிக்கிற பெடல்களையும் விடவில்லை. முழுக் காருக்கும் பட்ட பாடு ஒரு பக்கம், இந்த ஒரு துண்டுக்குப் பட்ட பாடு ஒரு பக்கம். முடித்து ஷோகேஸில் வைத்து மதினியைக் கூப்பிட்டேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மாஷா அல்லாஹ்” என்றா. அந்த ஒரு சொல்லுக்கு அவ முகம் போன போக்கை நான் மௌத்தாகும் வரைக்கும் மறக்கமாட்டேன்.

அவருக்குப் படம் அனுப்பினேன். அன்றிரவே ஃபோன் எடுத்து முதலில் சுகம் விசாரித்தார். பிறகு, “இன்னொன்டு அனுப்பட்டா?” என்று கேட்டார்.

அப்படித்தான் தொடங்கியது. பெருநாளுக்கு ஒன்று, யாராவது லீவில் வந்தால் ஒன்று. எல்லாம் அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள்தான், வேறு அனுப்பினால் திருப்பி அனுப்புவேன் என்று சொல்லிவிட்டேன். அந்த நீளமும், அந்த வாலும், முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற வெள்ளி நிறக் கம்பிகளும் இப்போதைய கார்களில் எங்கே இருக்கின்றன? தொல்லையும் இருந்தது. அதற்கென்று உள்ள பசையை விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். இங்கே கடையில் வாங்கிய சுப்பர் குளூவைப் பாவித்தால் கார்க் கண்ணாடி வெள்ளைப் படலமாகிவிடும். கச்சான் காற்று தொடங்கினால் பெயின்ட் காயும் முன்னே புழுதி வந்து ஒட்டும். சோற்றுக் கோப்பை மூடுகிற வலைக்கூடையைக் கவிழ்த்து அதற்குள் காய வைப்பேன். கறியில் ஈ மொய்க்கிறது என்று மகள் கத்துவாள். மொய்த்தால் மொய்க்கட்டும், கறியை மூடத் தட்டு இருக்கிறதுதானே!

சில பெட்டிகளில் ஓட்டுகிற ஆளின் உருவமும் வரும். சில கார்களுக்கு பொனட்டின் நுனியில் இறக்கை விரித்த ஒரு பொம்பிளை நிற்பாள். எங்கட மார்க்கத்தில் வீட்டில் உருவம் வைக்கக்கூடாது. ஆளைப் பெட்டியோடு விட்டுவிடுவேன், பொம்பிளையை அரத்தால் ராவிவிடுவேன். என் கார்கள் எல்லாம் ஆளில்லாமல்தான் நிற்கின்றன.

அவர் லீவில் வந்தால் மற்ற ஆம்பிளைகள் மாதிரிச் சந்திக்கு ஓடமாட்டார். ஷோகேஸைத் திறந்து, ஒவ்வொரு காராக மடியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பார். அதிலும் அந்தச் சிவப்பு இம்பாலாவைத்தான் அதிக நேரம். தேத்தண்ணி ஆறிப்போகும். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கும், வெளியில் காட்டமாட்டேன்.

இந்த வருசம், “போதும் புள்ள, ஒரேயடியா வாறன்” என்றார். எங்களுக்குப் பெருநாள்தான். வருவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னே மகள் ஷோகேஸைப் படமெடுத்து, உலகத்தில் இப்படிக் கார் செய்கிறவர்களின் குழு ஒன்றில் போட்டாள். அடுத்த நாள் குசினிக்குள் ஃபோனோடு வந்தாள்.

“உம்மா, அமெரிக்காவில ஒரு ஆள் எழுதியிருக்கார். வேலை நல்ல சுத்தமாம். ஆனா ஏன் எல்லாக் காரிலயும் ஸ்டியரிங் வலப்பக்கம் இரிக்கு, தபால் போடுற கார்களா என்டு கேக்கார்.”

“தபால் காரா? அதென்ன?”

“அங்க எல்லாக் காருக்கும் ஸ்டியரிங் இடப்பக்கம்தானே உம்மா. ரோட்டோரப் பெட்டியில கடிதம் போடுறவங்களுக்கு மட்டும் வலப்பக்கம் வச்ச கார் இரிக்காம்.”

மீன் வெட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஒரு காரா, இரண்டு காரா? அத்தனை டேஷ்போர்டையும் சீவி, அத்தனை துவாரத்தையும் அடைத்து, அமெரிக்காக்காரனுக்குப் பாடம் படிப்பித்து வைத்திருக்கிறேன். யா அல்லாஹ், இதைவிட வெட்கம் உண்டா! ஆனால் வெட்கம் கொஞ்ச நேரம்தான். அதற்குப் பின்னால் வேறொன்று வந்தது. கட்டாரிலும் இடப்பக்கம்தானா என்று மகளிடம் கேட்டேன். “ஓம்” என்றாள்.

அப்படியென்றால் இந்த மனிசன் இத்தனை வருசமும் இடப்பக்கம் இருந்துதான் ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு காரையும் மடியில் வைத்து, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை, ஒரேயொரு வார்த்தை சொல்லவில்லை. வீடியோவில் கதைக்கும்போது நான் கண்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் கதைப்பது அறைக்குப் போன பிறகு. காருக்குள் இருந்து கதைத்திருந்தாலும் புருசனின் முகத்தைப் பார்ப்பேனா, ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று பார்ப்பேனா?

சிரித்திருப்பார். அதுதான் என்னைத் தின்றது. கூட இருக்கிற ஆட்களுக்கும் படத்தைக் காட்டி, பாருங்கடா என்ட பொஞ்சாதியின் வேலையை என்று சிரித்திருப்பார். நான் பெருமை என்று நினைத்து இருந்ததெல்லாம் அவருக்கு வேடிக்கை. இதை நினைக்க நினைக்க, அவர் வருகிற சந்தோசம் பாதியாகிவிட்டது.

அவர் வருமுன்னே எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று பிளேட்டோடு குந்தினேன். முதலில் சிவப்பு இம்பாலா. மேல் கூட்டைக் கழற்றினால்தான் டேஷ்போர்டுக்குப் போகலாம். அந்தக் காலத்தில் ஒட்டிய ஒட்டு, அசைகிறதா? கொஞ்சம் பலம் கொடுத்தேன். டிக் என்று ஒரு சத்தம். முன்கண்ணாடி இரண்டாகப் பிளந்து மடியில் விழுந்தது. அதற்குப் பிறகு மற்றதைத் தொடக் கை வரவில்லை. இம்பாலாவைத் துவாய்த் துண்டில் சுற்றித் தையல் மெசினின் இழுப்பு லாச்சிக்குள் வைத்துவிட்டு, அழுதேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் வந்த வான் காலையில் வந்து நின்றது. குடும்பம் முழுக்க வாசலில். மெலிந்துபோய் வந்திருந்தார். கண்டதும் நெஞ்சு உருகியதுதான், ஆனாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சோறு போட்டேன். கை கழுவிவிட்டு நேரே ஷோகேஸடிக்குப் போனார்.

“சிவத்தது எங்க?”

“கழுவ வச்சிருக்கன்” என்றேன். வாயில் வந்தது அதுதான்.

மதினி திரும்பிப் பார்த்தா. அவர் வாசலில் நின்றவர்களிடம் போனார். வந்த சனமெல்லாம் போய், அஸர் தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்தபோது திரும்பவும் கேட்டார். அவ்வளவுதான், எனக்கு உடைந்துவிட்டது.

“அது என்னத்துக்கு உங்களுக்கு? இன்னும் சிரிக்கவா? இத்தனை வருசம் என்னை விசரியாக்கி வச்சுச் சிரிச்சது காணாதா மச்சான்? ஸ்டியரிங் பக்கம் மாறியிரிக்கு என்டு ஒரு சொல்லுச் சொன்னா உங்கட வாய் தேஞ்சா போயிரும்?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். மறைக்கவில்லை.

“முதலாவதைப் பாத்த அன்டைக்குச் சிரிச்சன், ஓம். பொய் சொல்லப்படாது. தனியத்தான் சிரிச்சன், ஒருத்தருக்கும் காட்டல்ல.”

“பொறகு?”

“பொறகு சிரிப்பு வரல்ல.”

எழுந்து போய், ஷோகேஸிலிருந்து நீல நிறக் கார் ஒன்றை எடுத்துவந்தார். ஜன்னலுக்குள் சின்ன விரலை விட்டு இடப்பக்கச் சீட்டைத் தொட்டார்.

“இது நான் இரிக்கிற பக்கம். அங்க சுபஹு தொழுதிட்டு இதில குந்தினா, பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கு, மேடத்தை ஏத்து, கடை வாசல்ல காத்துக்கொண்டு நில்லு. இத்தனை வருசத்தில என்னை ஏத்திக்கொண்டு போக ஒரு ஆளில்ல புள்ள. உன்ட காரில மட்டும்தான் எனக்கு முன்னால ஸ்டியரிங் இல்ல. அறையில வந்து படுத்தா நீ அனுப்பின படத்தைப் பெரிசாக்கிப் பாப்பன். அந்தப் பக்கம் நீ. இந்தப் பக்கம் நான் சும்மா. அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வரைக்கும் கரையோரமாப் போவம். கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பாத்துக்கொண்டு வருவன்.”

“எனக்குச் சைக்கிளும் ஓட்டத் தெரியாது” என்றேன்.

“நல்லாத்தான் ஓட்டினாய்.”

“இதையாவது சொல்லியிருக்கலாமே மச்சான்.”

“சொன்னா நீ மாத்திப்போடுவாய். மாத்தினா அதுக்குள்ளயும் நான்தானே டிரைவர்.”

நான் எழுந்து போய் லாச்சியைத் திறந்தேன். துவாயோடு கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். “முன்கண்ணாடி போயிற்று. மாத்தப் போய் நான்தான் உடைச்சன். வேற வெட்டிப் போடுறன்” என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் துவாயைப் பிரித்து, காரைத் தூக்கி, கண்ணாடி இல்லாத முன்பக்கத்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

“போடாத புள்ள. கடல் காத்து வரட்டும்.”