ஜன்னலோர நாற்காலி

காரைக்காலுக்கு வெளியே ஊசி, டியூப் தயாரிக்கும் கம்பெனியில், ஆய்வகத்தில் எனக்கு வேலை. பொருள்களில் இருக்கும் கிருமியை ஒரு வாயுவைச் செலுத்திக் கொல்வார்கள். அந்த வாயு டியூபிலேயே கொஞ்சம் தங்கிவிடும். எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளப்பவள் நான். டியூபைத் துண்டுதுண்டாக நறுக்கி, மூடிய குப்பிக்குள் தண்ணீரில் போட்டு, உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைத்திருந்து, பிறகு அந்தத் தண்ணீரை மெஷினில் செலுத்திப் பார்க்க வேண்டும். பச்சைக் குழந்தைக்குப் பால் இறக்கும் டியூப் என்றால் இரண்டு தடவை பார்ப்பேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை, என் புத்தி அப்படி.

வயிற்றுப் பிள்ளைக்கு அந்த வாயு ஆகாது. அதனால் ஆய்வகப் பெண்கள் மாதாமாதம் ஒரு நோட்டில், கர்ப்பமா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆம் என்றால் அன்றைக்கே லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

கல்யாணமான மறுவருடம் எனக்கு நாள் தள்ளியது. அம்பகரத்தூரிலிருந்து மாமியார் போனில் சொன்னார்: "மூணு மாசம் நெறையற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாத. கண்ணு பட்டுடும்." லேபிள் பிரிவுக்குப் போனால் கம்பெனிக்கே தெரிந்துவிடுமே! நானும் வாயை மூடிக்கொண்டு நோட்டில் 'இல்லை' என்று எழுதினேன். இரண்டு மாதம் பொய். மூன்றாவது மாதம் பொய் சொல்லத் தேவையில்லாமல் கலைந்துவிட்டது.

"நெறைய பேருக்கு நடக்குறதுதாம்மா, அந்த வாயுவாலதான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். மாமியார் என்னைவிட அதிகமாக அழுதார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. என்னைத் திட்டிக்கொள்ள மட்டும் நன்றாக வந்தது.

நான்கு வருடமாக 'இல்லை' என்று உண்மையைத்தான் எழுதுகிறேன். பொய் எழுதியபோதுகூடக் கை இப்படிக் கனக்கவில்லை. சாப்பிடப் போகும் வழியில்தான் லேபிள் பிரிவு. அங்கே ஜன்னலோரம், பிள்ளைத்தாச்சிகளுக்கென்று மெத்தை போட்ட ஒரு நாற்காலி. அதைப் பார்க்காமல் நான் ஒரு நாளும் சோறு தின்னப் போனதில்லை. அடேயப்பா, அப்படியொரு ஆசை! மெஷினை உயிராக நினைப்பவள்தான். ஆனாலும் அதனிடமிருந்து என்னை யாராவது துரத்திவிட மாட்டார்களா என்று ஏங்கினேன்.

போன மாதம் நான்கு நாள் தள்ளியது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் நேரே சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன்.

"மேடம், என்னை லேபிளுக்கு மாத்துங்க."

"டெஸ்ட் எடுத்தியாம்மா?"

"இல்லைங்க மேடம். எடுக்க பயமா இருக்கு."

ஊருக்கெல்லாம் அளந்து சொல்கிறவளுக்கா பயம் என்று சிரிப்பார் என நினைத்தேன். சிரிக்கவில்லை. "போ, போயி உக்காரு" என்றார்.

மூன்று நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் ஒன்றுமே கேட்காமல், தன் டப்பாவிலிருந்து மாங்காய் ஊறுகாயை எடுத்து என் சோற்றோரம் வைத்தாள். எவர் கண் பட்டாலும் படட்டும் என்றிருந்தது. நான்காம் நாள் காலை, வீட்டிலேயே தீட்டு வந்துவிட்டது.

ஆய்வகத்துக்குத் திரும்பி, நோட்டைக் கேட்டு வாங்கி 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு மூடி வைத்தார்.

"அந்த நாற்காலியில வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன். நீ வர்ற வரைக்கும் அங்கேயே கெடக்கட்டும்."

"சரிங்க மேடம்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தை டியூபை நறுக்க உட்கார்ந்தேன்.