கன்னியம்மாவை ஸ்டேட்டஸில் வைத்த நாள்

வெள்ளிக்கிழமை காலை என்றால் எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் சாமிகள் வந்துவிடும். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்குக் கணினியில் பதிவு செய்யும் வேலை. சூப்பர்வைசர் சார் விளக்கு எரிகிற அம்மன் படம் போடுவார். பக்கத்து சீட் அண்ணன் முருகனைப் போடுவார். கேட்டில் இருக்கும் பாய் ஜும்மா வாழ்த்து அனுப்புவார். நான் எல்லாவற்றுக்கும் கும்பிடும் கை ஒன்றைப் போடுவேன். மனதாரத்தான் போடுவேன். யாருடைய சாமியாக இருந்தாலும் பார்த்தும் பார்க்காத மாதிரி போக எனக்கு வராது.

ஒரு நாள் டீ குடிக்கும்போது சார் கேட்டார். "இன்னா தம்பி, எல்லார் சாமிக்கும் கும்பிடு போடுற. உன் சாமிய ஒரு நாளாவது காட்டேன்."

காட்டுவதற்குப் படம் இல்லை. நாங்கள் பழவேற்காடு ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருப்போம். எங்கள் கன்னியம்மாவுக்குக் கோயில் கிடையாது, சிலையும் கிடையாது. மாசி மகத்தன்று விடியும்போது கடலோரத்தில் மணலைக் குவித்து ஏழு படி கட்டுவோம். மஞ்சள், குங்குமம், பூ, கற்பூரம். அதுதான் அவள். வெயில் ஏறுவதற்குள் அலை வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விடும். நாங்கள் தடுக்க மாட்டோம்.

குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். அதனாலேயே எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்ற பயம் எனக்கு அதிகம். படத்தைப் போட்டு, அவளைப் பார்த்து யாராவது சிரித்துவிட்டால்? போடாமலே இருந்தால், எங்களுக்குச் சாமியே இல்லை என்று ஆகிவிடாதா?

மாசி மகத்துக்கு லீவு போட்டுவிட்டு, லைட்ஹவுஸ் குப்பத்தைத் தாண்டி எங்கள் ஆட்கள் கூடும் கரைக்குப் போனேன். படி கட்டி முடித்ததும் என் அம்மாவின் தங்கைமேல், சின்னம்மாமேல், கன்னியம்மா வந்தாள். ஈரத் தலையை விரித்துப் போட்டு ஆடுகிறவளிடம் ஆளாளுக்குக் குறி கேட்டார்கள். கல்யாணம் எப்போது கூடும், காலில் புண் எப்போது ஆறும். என் முறை வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அம்மா, உன்னைப் போட்டோ எடுத்து நாலு பேருக்குக் காட்டலாமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "டேய், பொண்ணு கெடைக்குமானு கேளுடா! படிச்சவன் கேக்குற கேள்வியப் பாரு." அப்பா, எங்கள் பேச்சில் நைனா, என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஒத வாங்காத. வாடா இப்பால."

சின்னம்மாமேல் வந்திருந்த அம்மா சிரிக்கவில்லை. "காட்டு. நான் இன்னா ஒளிஞ்சா கெடக்குறேன்? ஆனா புடிச்சி வெச்சிக்காத. வந்தவ போவணும்."

செருப்பைக் கழற்றிவிட்டு எடுத்தேன். யார் முகமும் விழாமல், படிகளையும் அலையையும் மட்டும். குழுவில் போட்டால் எல்லார் போனிலும் தங்கிவிடும். ஸ்டேட்டஸ் என்றால் ஒரு நாளில் தானாகப் போய்விடும். கீழே என்ன எழுதுவது என்றுதான் தவித்துப்போனேன். 'எங்கள் மக்களின் மரபுவழி வழிபாட்டு முறை' என்று தொடங்கினேன். பரீட்சை விடை மாதிரி இருந்தது. அழித்துவிட்டு, 'எங்கம்மா. இன்னிக்கு வந்திருக்கா' என்று எழுதினேன்.

முதலில் பக்கத்து சீட் அண்ணனிடமிருந்து வந்தது. 'பீச்ல வீடு கட்டி வெளாட்றியா ப்ரோ?' கூடவே சிரிக்கும் முகங்கள். 'சாமிண்ணா' என்று மட்டும் பதில் போட்டேன். 'அய்யோ, சாரிடா' என்றார் உடனே. அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் கண்ணுக்கு அது மணல்.

மீஞ்சூரில் என் வாடகை அறைக்குத் திரும்பி, என் ஸ்டேட்டஸை நானே திறந்து திறந்து பார்த்தேன். பார்த்தவர்கள் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவளைத் தெரிந்தவர் ஒருவர்கூட அதில் இல்லை. நைனாவிடம் இருப்பது பட்டன் போன். சின்னம்மாவிடம் அதுவும் கிடையாது. அறையில் பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை. மறுநாள் ஸ்டேட்டஸ் மறைந்ததும், போனில் இருந்த படத்தையும் அழித்தேன். விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழுத்திவிட்டேன்.

வேலைக்குப் போனதும் சார் என் மேசைக்கே வந்தார். "தம்பி, ஸ்டேட்டஸ் பார்த்தேன். மனசு என்னமோ பண்ணிச்சி. அந்தப் படத்த அனுப்பு. ஃப்ரேம் போட்டு பூஜை ரூம்ல வெச்சிக்கிறேன்."

சாமி பெயரையும் கேட்டார். கன்னியம்மா என்றேன். இதைவிட மரியாதையாக யார் கேட்டுவிட முடியும்?

"இல்ல சார். அழிச்சிட்டேன்."

"ஸ்டேட்டஸ்ல போயிருக்கும். போன்ல இருக்கும்ல?"

"போன்லயும் அழிச்சிட்டேன் சார்."

அவர் முகம் மாறியது. "சாமி படத்தையா? உன் கையாலயா?" கன்னத்தில் போட்டுக்கொண்டார். "படிச்ச புள்ள, இப்படிப் பண்ணலாமா?"

அவளைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் எங்களுக்குத் தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது. அவர் கேட் பக்கம் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அவரே குழுவில் ஒரு படம் போட்டார். எங்கெங்கோ தேடி எடுத்திருக்கிறார். ஏழு கன்னிமார், ஏழு கிரீடம், பட்டுப்புடவை, தலைக்குப் பின்னால் சுற்றுகிற ஒளி. கீழே, 'நம்ம தம்பிக்காக' என்று எழுதியிருந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பேரில் ஒருவரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

'ரொம்ப நன்றி சார்' என்று எழுதினேன். உடனே ஒரு கட்டைவிரல் வந்தது.